கிளாரென்ஸைத் தொடாதீர்

ஜூலை மாதம் பிறந்தால் எங்கள் நோர்ஹேவன் ஏரி பச்சைப் பட்டாணியை அரைத்துக் கொட்டியது மாதிரி ஆகிவிடும். வெள்ளை நாய் இறங்கினால் பச்சை நாயாகக் கரையேறும். வாடையைப் பற்றிக் கேட்காதீர்கள். நாங்கள் அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிற மின்னசோட்டாக்காரர்கள், நாற்றத்தைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு மரியாதைக் குறைவு. விருந்தாளி மூக்கைப் பொத்தினால், "இன்னிக்குக் காத்து கொஞ்சம் இந்தப் பக்கமா அடிக்குது" என்று சொல்லி இன்னொரு காபி ஊற்றிக் கொடுப்போம்.

போன வருஷம் மாநில அரசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏரியைக் கெடுப்பது வேறு யாரும் இல்லை, நீங்கள்தான் என்று அதில் எழுதியிருந்தது. தெருவில் பெய்யும் மழை வடிகாலில் இறங்கி, குழாய் வழியாக, எங்கேயும் நின்று சுத்தமாகாமல் நேரே ஏரியில் போய் விழுகிறதாம். போகிற வழியில் நாய் போட்டது, புல்லுக்குப் போட்ட உரம், கார் கழுவிய சோப்பு, வண்டி ஒழுக்கிய ஆயில், மக்கின இலை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகிறதாம். அந்தக் கடிதத்தில் இருந்த பெரிய குறை, அதில் இருந்ததெல்லாம் உண்மை என்பதுதான்.

இதற்கு வைத்தியம் ரொம்பச் சின்னது. அவரவர் நாய் போட்டதை அவரவர் எடுக்க வேண்டும். அவரவர் வாசல் இலையை அவரவர் வார வேண்டும். உரத்தை அளந்து போட வேண்டும். இவ்வளவு சின்ன விஷயத்தை ஒரு அலுவலகத்தின் முன்னால் எப்படி வைப்பது? அலுவலகத்துக்கு என்று ஒரு கௌரவம் இல்லையா? ஆகவே நகர மன்றம் கூடி, நீண்ட நேரம் யோசித்து, 'மழைநீர் வடிகால் குடிமக்கள் பொறுப்பேற்புத் திட்டம்' என்ற ஒன்றை அறிவித்தது. அதை நடத்துவதற்கு நேட் லாங்செத் என்பவரை நியமித்தது. நேட்டுக்கு முப்பது வயது இருக்கும். எந்நேரமும் சிரித்த முகம். கெட்ட செய்தி சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சிரிப்பார்.

திட்டம் இதுதான். ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு வடிகால்கள். ஒவ்வொன்றையும் படம் பிடித்து வலைத்தளத்தில் போட்டார்கள். பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, ஏழு பக்கப் படிவம் பூர்த்தி செய்தால், நீங்கள் அதன் 'பதிவு பெற்ற பொறுப்பாளர்'. அதற்கு ஒரு பெயர் வைக்கலாம். வாரம் ஒரு முறை அதன் கம்பிச் சட்டத்தின் மேல் கிடக்கும் இலையை வாரி, நிறுத்து, எடையை நேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். நேட் மாநிலத்துக்குத் தெரிவிப்பார். மாநிலம் யாருக்குத் தெரிவிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்கு வலைத்தளம் திறந்தது. ஆறு ஐந்துக்குள் பார்க்க லட்சணமான வடிகால்கள் எல்லாம் போய்விட்டன. படத்தைப் பார்த்துத்தானே எடுத்தார்கள்? என் வீட்டு முன்னால் இருப்பதை நூலகத்தம்மாள் எடுத்துக்கொண்டார். நூலகத்துக்கு முன்னால் இருப்பதைப் பல் டாக்டர் எடுத்துக்கொண்டார். எனக்குக் கிடைத்தது நாலு தெரு தள்ளி, அந்தப் பல் டாக்டரின் வாசலில் இருப்பது. என் பெயர் ஆர்விட் மோன். முப்பது வருஷம் இந்த ஊரில் தபால் கொடுத்தவன். எந்த வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நியாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது. என் வடிகாலுக்கு என் மாமியார் நினைவாக பெர்னிஸ் என்று பெயர் வைத்தேன். என் மனைவி ஐரீன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! சனிக்கிழமை காலை ஆனால் ஊரே வண்டியில் இலைவாரியைப் போட்டுக்கொண்டு கிளம்பும். நான் பெர்னிஸைப் பார்க்கப் போவேன். எதிரே பல் டாக்டர் நூலகத்துக்குப் போவார். நூலகத்தம்மாள் என் வீட்டை நோக்கி வருவார். மூன்று பேரும் கை காட்டிக்கொள்வோம். மூன்று வண்டியும் வழியெல்லாம் ஆயில் ஒழுக்கிக்கொண்டே போகும். படிவத்தில் இலைக்குத்தான் இடம் இருந்தது, ஆயிலுக்கு இல்லை.

வடிகாலுக்குக் கம்பளித் தொப்பி பின்னிப் போட்டார்கள். பிறந்த நாள் கொண்டாடினார்கள். ஒருத்தர் தன் வடிகாலைச் சுற்றிப் பூச்செடி நட்டு, அது தளதளவென்று வளர மூட்டை உரம் கொட்டினார். இன்னொருத்தர் படத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று கம்பியை அரை டப்பா சோப்பு போட்டுத் தேய்த்தார். நாயைக் கூட்டிக்கொண்டு வடிகாலைக் காட்டப் போனார்கள். நாய் பார்த்துவிட்டு, நாய் செய்வதைச் செய்துவிட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடவுளைக் கும்பிட்ட கையோடு, "உங்க வடிகால் சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொண்டோம். ஏரி அந்த ஜூலையில் போன ஜூலையைவிடப் பச்சையாக இருந்தது. ஆனால் அதை நாங்கள் முன்னைவிட அதிக அக்கறையோடு பார்த்தோம்.

ஊரில் பதிவு செய்துகொள்ளாத ஒரே ஆள் என் எதிர் வீட்டு மார்லிஸ் ட்வெட். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால் அவளைப் பற்றி நாங்கள், "மார்லிஸ் ஒரு மாதிரி" என்று சொல்வோம். எங்கள் ஊரில் ஒருத்தரைப் பற்றி அதைவிட மோசமாகச் சொல்ல வார்த்தை கிடையாது.

அவள் வீடு தெருவின் பள்ளத்தில் இருக்கிறது. அவள் வாசலில் இருக்கும் வடிகால் அடைத்தால், தெருத் தண்ணீர் முழுக்க அவள் பேஸ்மென்ட் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும். பேஸ்மென்டில்தான் அவளுடைய போர்வை தைக்கும் மெஷின் இருக்கிறது. பன்னிரண்டு அடி நீளம். நாலு பேர் துண்டு துண்டாக உள்ளே இறக்கி, இரண்டு நாள் மெனக்கெட்டுப் பூட்டியது. மாடிக்கு ஏற்ற முடியாது. பென்ஷன் அவளுக்கு அரை வயிற்றுக்குத்தான் காணும். மீதி வயிறு அந்த மெஷினில் ஓடியது. கிறிஸ்துமஸுக்கு என்று ஊர்ப் பெண்கள் தைக்கக் கொடுத்த ஒன்பது போர்வை அதன் பக்கத்தில் மடித்துக் கிடந்தது. அதனால்தான் பத்தொன்பது வருஷமாக, திட்டம், நேட், படிவம் எதுவும் பிறப்பதற்கு முன்னாலிருந்தே, தினம் காலையில் காபி குடித்த கையோடு அந்த வடிகாலை வாரிக்கொண்டிருந்தாள்.

அவள் செய்த ஒரே தப்பு, வாசலில் அழகான மேப்பிள் மரம் இருக்கிற வீட்டில் குடியிருந்தது. வலைத்தளத்தில் அந்த வடிகாலின் படம்தான் எல்லாவற்றையும்விட அழகு. சிவப்பு இலை, வெயில், பின்னால் வெள்ளை வேலி. முதல் நிமிஷத்திலேயே ப்ரெண்டா வாஸ் அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். ப்ரெண்டா வீடு விற்றுக் கொடுக்கும் தரகு வேலை பார்ப்பவள், ஏரிக்கு அந்தக் கரையில் மாளிகை மாதிரி வீடு. வடிகாலுக்கு கிளாரென்ஸ் என்று பெயர் வைத்தாள். இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் படக்காரரோடு. அக்டோபர் பிறந்ததும், வசதி உள்ளவர்கள் எல்லோரும் போவது மாதிரி, குளிருக்குத் தப்பி, வெயில் அடிக்கிற அரிசோனாவுக்குப் பறந்துவிட்டாள். ஏப்ரலில்தான் வருவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மார்லிஸ் வாரிக்கொண்டிருந்தாள். நான் என் புல்வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேட் வந்து வண்டியை நிறுத்தினார்.

"குட் மார்னிங் மேடம். இலை வாரறீங்க போல."

"பின்ன, மீனா பிடிக்கிறேன்?"

"ரொம்ப அழகா வாரறீங்க, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா பாருங்க, இது உங்க வடிகால் இல்ல."

"என் வாசல் தம்பி இது."

"வாசல் உங்களுதுதான். வடிகாலுக்குப் பொறுப்பாளர் ப்ரெண்டா வாஸ் மேடம். இப்ப நீங்க வாரின இலையை நான் யார் பேர்ல எழுதறது?"

"எதுக்கு எழுதணும்? மூட்டையில கட்டிக் குப்பைக்குப் போட்டாச்சு."

நேட்டின் சிரிப்பு விரிந்தது. "அதான் மேடம் வருத்தமே. ரெண்டு மாசமா கிளாரென்ஸ்ல இலை பூஜ்யம்னு வருது. மரமோ தலைக்கு மேல. மாநிலத்துல கேக்கறாங்க, இலை எங்கே போச்சுன்னு. நீங்க பதிவு பெறாத இலையை அப்புறப்படுத்தியிருக்கீங்க."

"இலை ஏரிக்குப் போகல. அதானே உங்களுக்கு வேணும்?"

"போகலைங்கறது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா போகலைங்கறதுக்கு அத்தாட்சி வேணுமே மேடம். அத்தாட்சி இல்லாம போகாத இலை, போன இலை மாதிரிதான்."

மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா ஆர்விட், இவர் பேசறது உனக்கு ஏதாவது புரியுதா?"

"அவர் சொல்றதுலயும் ஒரு இது இருக்கத்தான் செய்யுது" என்றேன். எது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

மறுநாள் வடிகாலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். 'கிளாரென்ஸைத் தொடாதீர். பதிவு பெறாதவர் தலையிட்டால் இத்தெருவில் வசிக்கும் அனைத்துப் பொறுப்பாளர்களின் பதிவும் ரத்து செய்யப்படும்.' எங்கள் தெருவில் பதினோரு வீடு. பத்து வீட்டில் பொறுப்பாளர்கள். பத்து பேரும் அன்று சாயங்காலம் தனித்தனியாக மார்லிஸ் வீட்டுக்கு பிஸ்கட் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பலகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினோம். அவளுக்குப் புரிந்துவிட்டது.

வாரத்துக்குள் இலை கணுக்கால் அளவு சேர்ந்துவிட்டது. மார்லிஸ் நகர அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு வரச் சொன்னாள், போனேன். நேட் எழுந்து நின்று வரவேற்று, இரண்டு பேருக்கும் காபி கொடுத்தார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு மேடம். 'தற்காலிக மாற்றுப் பொறுப்பாளர்'னு ஒரு ஏற்பாடே இருக்கு."

"அப்பாடா. எங்கே கையெழுத்துப் போடணும்?"

"நீங்க போட வேண்டாம். ப்ரெண்டா மேடம் நேர்ல வந்து போடணும்."

"அவ அரிசோனாவுல இருக்கா."

"ஏப்ரல்ல வந்துடுவாங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு நாள் பயிற்சி."

"என்ன பயிற்சி?"

"இலை வாரறதுக்கு."

மார்லிஸ் கண்ணை மூடித் திறந்தாள். "தம்பி, வியாழக்கிழமை பெரு மழைன்னு ரேடியோவுல சொல்றான். என் மெஷின் கீழே இருக்கு. ஊரார் போர்வை ஒன்பது கீழே இருக்கு. அது போச்சுன்னா இந்தக் குளிர் காலத்துக்கு எனக்குச் சோறு இல்ல. வெளையாட்டு இல்ல இது."

"புரியுது மேடம். எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார் நேட். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு. "வேணும்னா ப்ரெண்டா மேடத்துக்கு போன் போட்டுக் கேட்டுப் பாப்போம்."

போனில் ப்ரெண்டாவின் குரலோடு நீச்சல் குளத்தில் யாரோ குதிக்கிற சத்தமும் கேட்டது.

"இலை நிறைய விழுந்திருக்கா? அய்யோ, படம் எடுத்து அனுப்புங்களேன்!"

"ப்ரெண்டா, நான் கிளாரென்ஸ் இருக்கற வீட்டு மார்லிஸ் பேசறேன். அதை நான் வாரிடறேனே. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"அச்சோ, எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு! ஆனா வேண்டாமே. வசந்த காலத்துல நானே என் கையால முதல் தடவையா வாரறதா இருக்கேன். பத்திரிகைக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. நிறைய இலை இருந்தாத்தானே பார்க்க நல்லா இருக்கும்? அதுவரைக்கும் கிளாரென்ஸ் இயற்கையா இருக்கட்டும்."

"இயற்கையா இருந்தா என் வீட்டுக்குள்ள தண்ணி வரும்."

"அப்படியா! மனசைத் தளர விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ப்ரெண்டா போனை வைத்துவிட்டாள்.

நேட் எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. 'மழைநீர் மாசைத் தடுக்கக் குடிமக்கள் செய்யக்கூடியவை' என்று ஒரு பிரசுரம் கொடுத்தார். வழவழவென்று, தண்ணீரில் நனையாத கெட்டித் தாள். அதன் முதல் வரி: 'உங்கள் வாசலில் உள்ள வடிகாலில் இலை சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.' மார்லிஸ் அதை இரண்டு தடவை படித்தாள். அதே பிரசுரத்தைப் புதன்கிழமை ஊரில் எல்லா வீட்டுக் கதவிலும் மாட்டினார்கள். புதன் சாயங்காலம் காற்று எழும்பியது. எங்கள் தெருப் பிரசுரம் எல்லாம் பறந்து, புரண்டு, பள்ளத்துக்கு இறங்கி, கிளாரென்ஸின் மேல் போய் ஒட்டிக்கொண்டன. இலை என்றால் கொஞ்சமாவது தண்ணீரை உள்ளே விட்டிருக்கும். அந்தத் தாள் ஒரு சொட்டு விடாது.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. மழை என்றால் மழை, வானத்தில் யாரோ தொட்டியைக் கவிழ்த்து விட்டார்கள். கால் மணியில் தெரு ஆறாகிவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் பத்து பேரும் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு, கையில் இலைவாரியோடு வெளியே ஓடி வந்தோம். பழக்கதோஷம். ஓடி வந்து கிளாரென்ஸைச் சுற்றி வட்டமாக நின்றோம்.

சர்ச்சில் மத்தியானச் சாப்பாட்டில் தட்டில் கடைசியாக ஒரே ஒரு கேக் துண்டு மீந்திருக்கும். யாரும் எடுக்க மாட்டோம். பாதியாக வெட்டுவோம், அந்தப் பாதியை இன்னும் பாதியாக வெட்டுவோம், கடைசியில் அது தூளாகி, தட்டோடு குப்பைக்குப் போகும். அந்தத் துண்டைப் பார்ப்பது மாதிரிதான் கிளாரென்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தண்ணி ஏறுது போலிருக்கே" என்றார் ஒருத்தர். பக்கத்தில் நின்றவர், "ஆமா, கொஞ்சம் ஏறத்தான் செய்யுது. யாராவது ஏதாவது செஞ்சா நல்லா இருக்கும்" என்றார்.

"நல்லாத்தான் இருக்கும்" என்று எல்லோரும் ஆமோதித்தோம். பத்து இலைவாரி இருந்தது, பத்துப் பயிற்சி பெற்ற கை இருந்தது. நாலு தள்ளு தள்ளினால் போதும். யாரும் அசையவில்லை.

மார்லிஸ் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. முழங்கால் வரைக்கும் பஸ் ஓட்டுகிற காலத்து பூட்ஸ். கையில் இலைவாரி.

"தள்ளுங்கய்யா எல்லாரும்!"

"மார்லிஸ், மார்லிஸ், ஒரு நிமிஷம்" என்றேன் நான். "பலகையைப் பாரு. நீ தொட்டா எங்க எல்லார் பதிவும் போயிடும். திங்கக்கிழமை மாநிலத்துலேர்ந்து ஆள் வர்றாங்க."

"என் வீடு முங்குது ஆர்விட்!"

"தெரியுது. கஷ்டமாத்தான் இருக்கு."

"அப்ப நீங்க யாராவது வாருங்க! பத்து பேர் நிக்கறீங்களே தடிதடியா!"

"எங்களுது இல்லையே அது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் ரொம்ப மரியாதையாகச் சொன்னது.

அவள் இலைவாரியை ஓங்கி இறக்கினாள். அது கம்பியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கை அதைப் பிடித்து நிறுத்தியது. அந்தக் கை என்னுடையது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது; அன்றைக்கு வெட்கமாக இல்லை, பொறுப்பாக இருந்தது போலத் தோன்றியது. இழுத்தாள், நான் விடவில்லை. மழையில் அப்படியே நின்றோம், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு. அவள் பேஸ்மென்ட் ஜன்னல் உடைந்து தண்ணீர் உள்ளே கொட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் இழுக்கவில்லை. இலைவாரியை என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மெஷின் முங்கியது. மோட்டார் போய்விட்டது. ஒன்பது போர்வையும் சாயம் இறங்கி ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே நிறமாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை காலை நேட் ஏரிக்கரைக்குப் போய், கிளாரென்ஸின் குழாய் ஏரியில் திறக்கிற இடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் பிடித்தார். ஒரு இலை இல்லை. சோப்பு இல்லை, உரம் இல்லை, ஆயில் இல்லை, நாய் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை. குடிக்கலாம் போல இருந்தது. மாநிலத்தின் வரலாற்றிலேயே இப்படி ஒரு பெரு மழைக்குப் பிறகு இவ்வளவு சுத்தமான குடுவையை யாரும் பார்த்ததில்லையாம். எப்படி இருக்கும்? குழாயில் எதுவும் போனால்தானே! தெருவின் இலை, ஆயில், உரம், அசிங்கம் எல்லாம் மார்லிஸின் பேஸ்மென்டில் நாலடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

மார்லிஸ் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பம்பு வாடகைக்குக் கொண்டுவந்தாள். போடுவதற்குள் நேட் ஓடி வந்தார்.

"மேடம், அவசரப்பட்டு இறைச்சிடாதீங்க! உள்ள இருக்கறது மாசடைஞ்ச மழைநீர். தெருவுல விட்டா சட்டப்படி குத்தம்."

"தெருவுலேர்ந்துதானே வந்தது!"

"வரும்போது அது மழை மேடம். போகும்போது நீங்க வெளியேத்தற கழிவு. அடியில படியட்டும், முப்பது நாள். உங்க பேஸ்மென்ட் எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்குன்னு உங்களுக்கே தெரியல."

அடுத்த வாரம் ஊர்க் கூட்டம். மன்ற மண்டபம் நிரம்பி வழிந்தது. நகரத் தலைவர் மார்லிஸை மேடைக்குக் கூப்பிட்டு, 'நிலத்தடி மழைநீர்த் தேக்கம், எண் ஒன்று' என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுத்தார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். நான் பலமாகத் தட்டினேன். குற்ற உணர்ச்சி உள்ளவன் எப்போதும் பலமாகத்தான் தட்டுவான்.

மார்லிஸ் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மைக்கைப் பிடித்தாள்.

"ரொம்ப சந்தோஷம். இவ்வளவு பெரிய பாக்கியம் எனக்கு மட்டும் எதுக்கு? ஊர்ல இருக்கற வடிகாலையெல்லாம் அடைச்சு வைங்க. எல்லார் பேஸ்மென்ட்லயும் நாலடி தண்ணி நிக்கட்டும். ஏரி கண்ணாடி மாதிரி ஆயிடும். செய்யுங்களேன், உங்களுக்குத்தான் மூளை இருக்கே!"

நேட் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், இதை முன்மொழிவா எடுத்துக்கலாமா?"

மார்லிஸ் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். நடவடிக்கைக் குறிப்பில், 'முன்மொழிந்தவர் மிகுந்த மகிழ்ச்சியுடன் காணப்பட்டார்' என்று இருக்கிறது. ஒருத்தர் வழிமொழிந்தார். ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார் தலைவர். பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி மனமுவந்து கொண்டுவந்த யோசனையை முகத்துக்கு நேரே எப்படி வேண்டாம் என்பது? முன் வரிசை கை தூக்கியது. முன் வரிசை தூக்கியதும் பின் வரிசை தூக்கியது. எதிர்ப்பு இல்லை, ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்தபோது ஐரீன் கேட்டாள், "நீ எதுக்குக் கை தூக்கின?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"நம்ம பேஸ்மென்ட்ல ஃப்ரீசர் இருக்கு. அரை மாட்டுக் கறி இருக்கு அதுல. அது ஞாபகம் வந்துதா உனக்கு?"

வரவில்லை. மறுநாள் தெரு வடிகாலையெல்லாம் அடைத்துவிட்டு, எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தார்கள்: தேக்கம், எண் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை மழை என்று ரேடியோ சொன்னது. சனிக்கிழமை காலை நான் ஃப்ரீசரோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். ஐரீனுக்கு இடுப்பு சரியில்லை. தெருவில் இறங்கி, "கொஞ்சம் கனமா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "கனமாத்தான் இருக்கும்" என்று எல்லோரும் பரிவோடு சொல்லிவிட்டு அவரவர் பேஸ்மென்டைக் காலி செய்யப் போய்விட்டார்கள்.

பின்கதவில் தட்டுகிற சத்தம். மார்லிஸ். கையில் தோல் கையுறை.

"ஒத்தை ஆளால அதை ஏத்த முடியாது. நீ மேல் பக்கம் பிடி, நான் கீழே இருந்து தாங்கறேன்."

அவள் இறங்கி, ஃப்ரீசரின் கீழ்ப் பக்கத்தை முட்டுக் கொடுத்துத் தூக்கினாள். நான் மேலே இருந்து இழுத்தேன். ஒரு படி. இரண்டு படி. ஆறாவது படியில் மூச்சு வாங்க நின்றோம். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக அதற்குத்தான்.

"மார்லிஸ்," என்றேன், "இது இப்ப பதிவான தேக்கம். நீ வெளியாள் உள்ள இறங்கியிருக்க. எதுக்கும் நேட் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தன் பக்கத்தைப் படியில் மெதுவாக, நிதானமாக, சாய்ந்துவிடாமல் வைத்தாள். சுவரோரமாக ஒடுங்கி என்னைத் தாண்டி மேலே ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை சரியாக வந்தது. ஃப்ரீசர் ஆறாவது படியில் இருக்கிறது. தண்ணீர் ஐந்தாவது படியில் இருக்கிறது.